ஆண்டி சாமியான கதை: இரோரி என்னும் கற்பனைத் தெய்வத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறு பேர் கூடுவோம். கீழே தறி ஓடும் சத்தம், மேலே பகடை உருளும் சத்தம். ஒருநாள் மோர் கொண்டுவந்த அம்மிச்சி, மேசையில் கிடந்த ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். "தெய்வம்: இரோரி" என்று அதில் எழுதியிருந்தது.

"இது எந்த ஊர்ச் சாமி கண்ணு?"

"கதையில வர்ற சாமி அம்மிச்சி. மனுசனாப் பொறந்து, தவம் பண்ணிச் சாமி ஆனவரு."

"என்ன வரம் குடுப்பாரு?"

"கேட்டதெல்லாம் குடுக்க மாட்டாரு. நீயே முயற்சி பண்ணி மேல வான்னு சொல்லுவாரு."

"அதச் சொல்றதுக்கு எதுக்குச் சாமி? அதான் உங்கொப்பன் இருக்கானே!"

மேசையே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் இரோரியைப் பற்றி மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். "நம்ம சிவன் மாதிரிங்க", "புத்தரக் காப்பி அடிச்சுட்டாங்க", "குங்ஃபூக்காரங்க சாமி". மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, மூன்றும் பாதியில் நின்றுவிடுகின்றன. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இது.

முதலில், இது எந்த உலகம்?

பாத்ஃபைண்டர் என்பது ஒரு பாத்திர ஆட்டம். அதாவது, ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "என் ஆள் இப்போது இதைச் செய்கிறான்" என்று வாயால் சொல்லியே ஆடும் விளையாட்டு. ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். அவரை ஜிஎம் என்போம்.

அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். அங்கே பாடுகிறவருக்குக் கடைசி வரை கதை தெரியும். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழத்தான் போகிறார்கள். இங்கே ஜிஎம்முக்கே முடிவு தெரியாது. முக்கியமான இடம் வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டுகிறோம். இருபது விழுந்தால் விசில் பறக்கும். ஒன்று விழுந்தால் நம் வீரன் தன் வாளிலேயே தடுக்கி விழுந்தான் என்று ஜிஎம் கதை கட்டுவார்.

அமெரிக்காவின் பைசோ நிறுவனம் இதன் முதல் பதிப்பை 2009-இலும், இரண்டாம் பதிப்பை 2019-இலும் வெளியிட்டது. கதை நடக்கும் உலகத்தின் பெயர் கோலாரியன். அதில் தெய்வங்கள் ஏராளம். இரோரி அவர்களில் ஒருவர். வரலாறு, அறிவு, தன்னை முழுமையாக்கிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு.

கோலாரியனில் "சாமி இருக்கா, இல்லையா" என்று யாரும் மெனக்கெட்டு வாதாடுவதில்லை. கிளெரிக், அதாவது ஒரு தெய்வத்திடம் சக்தி வாங்கிக்கொள்ளும் பூசாரி, காலையில் பிரார்த்தனை செய்தால் அன்றைய மந்திரம் கைக்கு வந்துவிடும். மின்சாரம் இருக்கிறதா என்று யாராவது வாதாடுவார்களா? சுவிட்சைப் போட்டால் தெரிந்துவிடுகிறதே. ரகதூம் என்றொரு நாடு தெய்வ வழிபாட்டையே சட்டப்படி தடை செய்திருக்கிறது. அவர்களும் தெய்வங்கள் இல்லை என்று சொல்வதில்லை. இருக்கிறார்கள், ஆனால் எங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள்.

ஆகவே அங்கே கேள்வி நம்பலாமா என்பது இல்லை, யார் பின்னால் போவது என்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி சுலபம்.

மனிதன் சாமி ஆவது நமக்குப் புதுசா?

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. அண்ணமார் சாமிகளை எத்தனையோ குடும்பங்கள் கும்பிடுகின்றன. அவர்கள் மனிதர்களாக வாழ்ந்து, போரிட்டு, விழுந்தவர்கள். ஊர் எல்லையில் நிற்கும் வீரக்கல்லுக்கும் அதே கதைதான். கன்னிமார், வீட்டுச்சாமி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றில் பெரும்பாலும் ஒரு பொது வழி உண்டு. சாவு வருகிறது, அதுவும் சாதாரணச் சாவாக இருப்பதில்லை. அதன் பிறகு ஊர் அவரைச் சாமியாக்குகிறது.

கோலாரியனில் மனிதன் சாமியாவதற்குப் பேர்போன வழி வேறு. அப்சலோம் என்ற பெருநகரத்தின் நடுவில் ஸ்டார்ஸ்டோன் என்றொரு கல் இருக்கிறது. விண்மீன் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சோதனையில் தேறினால் சாமி. போட்டித் தேர்வு மாதிரி. ஆயிரம் பேர் எழுதுவார்கள், ஒருத்தர் தேறினால் பெரிது, தேறியவருக்கு ஆயுளுக்கும் வேலை. கேடன் கைலீன் என்பவர் குடிபோதையில் பந்தயம் கட்டி உள்ளே போனார். மூன்று நாள் கழித்துச் சாமியாக வெளியே வந்தார். எப்படித் தேறினார் என்று அவருக்கே நினைவில்லை. படிக்காமல் போய்ப் பாஸ் ஆனவனைப் பார்த்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

இரோரி அந்தக் கல்லின் பக்கமே போகவில்லை. வூத்ரா என்ற நாட்டில் மனிதனாகப் பிறந்தார். உடலையும் மனதையும் ஆன்மாவையும் பயிற்சியால் தீட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் மனிதன் என்ற எல்லை முடிந்துவிட்டது. அதற்கு மேலும் நடந்தார். அவ்வளவுதான். தேர்வு நடத்த ஆளில்லை, பட்டம் கொடுக்க ஆளில்லை, ஊர் கூடிக் கல் நடவும் இல்லை.

சுருக்கமாக: அண்ணமார் சாவின் வழியாகத் தெய்வமானார்கள், கேடன் சோதனையின் வழியாக. இரோரிக்குப் பயிற்சி மட்டுமே வழி.

பழநிக்கு எதிர்த்திசை

"தவசிச் சாமி" என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு மனதில் வருவது பழநிதான். பழைய கொங்கு 24 நாடுகளில் வையாபுரி நாடு அந்தப் பக்கம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து, காவடி சுமந்து பழநிக்கு நடப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மலைமேல் நிற்பவர் தண்டாயுதபாணி. கோவணம், கையில் தண்டம், ஆண்டிக் கோலம். அந்த ஆண்டிக்குப் பஞ்சாமிர்த அபிஷேகமும் நடக்கும், சாயங்காலம் ராஜ அலங்காரமும் நடக்கும். இந்த முரணை யாரும் முரணாகவே பார்ப்பதில்லை என்பதுதான் அழகு.

ஆனால் கதையை நினைத்துப் பாருங்கள். முருகன் பிறப்பிலேயே தெய்வம். ஞானப்பழம் கிடைக்காத கோபத்தில் எல்லாவற்றையும் உதறிவிட்டு மலையேறி ஆண்டியானவர். சிவனும் அப்படித்தான். அவர் தவத்தில் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் சிவன்தான். தவம் அவருக்கு எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை.

பழநியில் சாமி ஆண்டியானார். இரோரி கதையில் ஆண்டி சாமியானார். பாதை ஒன்றாகத் தெரிந்தாலும் ஒருவர் இறங்கி வந்த வழியில் இன்னொருவர் ஏறிப் போயிருக்கிறார். "நம்ம சிவன் மாதிரி" என்று சொல்லும்போது இந்தத் திசைதான் கைநழுவுகிறது. எங்கிருந்தோ அருள் இறங்கி வந்து ஆளை மாற்றும் கதை வேறு, கீழேயிருந்து ஒருவன் தன்னையே மாற்றிக்கொண்டு போகும் கதை வேறு.

தவம் என்றால் உடம்பை வாட்டுவதா?

அடுத்த குழப்பம் இது. தவசி என்றதும் எலும்பும் தோலுமாக, ஒற்றைக் காலில், புற்று மூடிய உருவம் ஒன்று கண்முன் வரும். எங்கள் மேசையில் ஒரு நண்பர் இரோரியின் அடியாரை அப்படித்தான் ஆடத் தொடங்கினார். சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், கம்பளி போர்த்த மாட்டான். இரண்டாவது அமர்விலேயே பனிமலையில் மயங்கி விழுந்தான். மற்றவர்கள் அவனைத் தூக்கிச் சுமந்தோம்.

இரோரிக்கு உடம்பு பகை கிடையாது. அது ஒரு கருவி. கருவியைத் துருப்பிடிக்க விடுவதும் தப்பு, போட்டு உடைப்பதும் தப்பு. அவருடைய புனித நூலின் பெயரைத் தமிழில் "தளைகளை அவிழ்த்தல்" என்று சொல்லலாம். அதில் இருப்பவை உடற்பயிற்சி, தியானம், உணவு முறை போன்றவை. புராணத்தை விட ஆசானின் கையேட்டுக்குத்தான் கிட்டே வரும்.

இங்கே தமிழே நமக்குக் கைகொடுக்கிறது. நோன்பு என்ற சொல்லுக்கு உறவுக்காரச் சொல் நோன்மை. அதற்குப் பொறுத்தல் என்றும் பொருள், வலிமை என்றும் பொருள். மேற்கே துறவைக் குறிக்கும் சொல்லும் கிரேக்கத்தின் அஸ்கேசிஸ் என்பதிலிருந்து வந்தது. முதலில் அதன் பொருள் பயிற்சி, ஓட்டக்காரனும் மல்லனும் எடுக்கும் பயிற்சி. ஆக, பட்டினி கிடப்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தறியைப் பார்த்தவர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். பவானி ஜமக்காளம் நெய்யும் குழித்தறிக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். நெசவாளர் குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்திருப்பார். கால் மிதிக்கும், கை நாடாவைத் தள்ளும், கண் விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பாவு நூல், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல், எல்லாம் ஒரே இழுவையில் நிற்க வேண்டும். ஓரிடத்தில் தொய்ந்தால் துணி அலையடிக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் இழை பட்டென்று அறுந்துவிடும். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி மிதிப்பார். அந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று துணியில் விரலை ஓட்டிப் பார்த்தாலும் எனக்குத் தெரிந்ததில்லை.

இரோரி சொல்லும் முழுமை இந்த இழுவைதான். உடல், மனம், ஆன்மா மூன்றும் பாவு. எதுவும் தொய்யக்கூடாது, எதையும் அறுக்கிற அளவுக்கு இழுக்கவும் கூடாது. பனிமலையில் விழுந்த நம் நண்பரின் ஆள் ஒரு இழையை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: இரோரி பிறவித் தெய்வமல்ல. அவர் தவம் உடம்பை ஒறுக்கும் தவமல்ல, பழக்கும் தவம். முழுமை என்றால் நூற்றுக்கு நூறு மதிப்பெண் என்று அர்த்தமில்லை, எல்லா இழையும் ஒரே இழுவையில் நிற்பது.

குங்ஃபூக்காரர்களின் சாமியா?

ஆமாம், அதுவும்தான். கோலாரியனில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு விருப்ப ஆயுதம் உண்டு. ஒருவருக்கு வாள், ஒருவருக்குக் கோடரி. இரோரிக்கு வெறும் கைமுட்டி. பழநி ஆண்டி கையிலாவது ஒரு தடி இருக்கிறது. மங்க் எனப்படும் வெறுங்கை வீரர்கள் பலர் இவரை வணங்குவது இயல்பு. ஜால்மரே என்ற தீவில் முழுமையின் இல்லங்கள் என்று மூன்று மடங்கள் உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரும் போட்டியில் வென்றவர்கள் அங்கே பயிற்சிக்குப் போவார்கள். இமைக்காத சுடர், விரியும் காற்று, முறுக்கவிழும் இரும்பு என்று மடங்களின் பெயர்கள் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் சண்டை அங்கே ஒரு கிளைதான். அவர் பொறுப்பில் முதலில் எழுதியிருப்பது வரலாறும் அறிவும். சண்டைச் சாமிக்கு நூலகம் எதற்கு? அந்தக் கேள்வியைப் பிறகு பார்ப்போம்.

விஜயமங்கலத்தில் கிடைக்கும் விடை

இரோரிக்கு நம் பக்கத்தில் ஒரு நெருங்கிய ஒப்புமை வேண்டுமென்றால், நான் பழநிக்கோ புத்தகயைக்கோ போகமாட்டேன். பெருந்துறைக்குப் பக்கத்தில் விஜயமங்கலத்துக்குப் போவேன். அங்கே சந்திரப்பிரபர் கோயில் இருக்கிறது. சமணத்தின் 24 தீர்த்தங்கரர்களில் எட்டாமவர் அவர். ஊர்க்காரர்களிடம் நெட்டைக் கோபுரம் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பக்கத்திலேயே சீனாபுரம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஊர் என்று சொல்வார்கள். கொங்கு நாடு ஒரு காலத்தில் சமணம் தழைத்த மண்.

தீர்த்தங்கரர் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஆற்றில் இறங்கிக் கடக்கத் துறை அமைத்துக் கொடுத்தவர் என்று பொருள். துறையை அவர் அமைத்தார். ஆற்றில் இறங்கி நடப்பது உங்கள் கால். தீர்த்தங்கரர் உலகைப் படைத்தவரல்ல. மனிதராகப் பிறந்து, தன் முயற்சியால் வினை அறுத்தவர். அவரிடம் போய் "எனக்கு வேலை வாங்கிக் கொடு" என்று கேட்பதில் சமணக் கொள்கைப்படி பொருளில்லை. வணங்குவது அவர் குணத்தை நினைத்து அந்த வழியில் நடப்பதற்காக.

இரோரியின் அச்சு இதுதான். கொடுப்பவர் என்பதை விட முன்னே நடந்து காட்டியவர் என்று சொல்வது பொருந்தும்.

அப்படியானால் புத்தர்? அவரும் மனிதராகப் பிறந்து தன் முயற்சியால் தெளிந்தவர்தான், ஒப்புமை தப்பில்லை. ஆனால் புத்தர் சொன்ன இலக்கில் வேட்கை அணைகிறது, "நான்" என்ற பிடியே அவிழ்கிறது. இரோரியின் இலக்கில் அந்த "நான்" தீட்டப்பட்டு முழுமையாகிறது. விளக்கை அணைப்பதற்கும் திரியைத் தூண்டுவதற்கும் உள்ள தூரம் அது. காப்பி என்று சொல்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

தீர்த்தங்கரரோடும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தீர்த்தங்கரர் உலக விவகாரத்தில் கை வைப்பதில்லை. இரோரி தன் கிளெரிக்குகளுக்கு மந்திரம் தருகிறார். வரம் தராதவர் மந்திரம் மட்டும் தருவதெப்படி?

மந்திரப் பட்டியலைத் திறந்து பாருங்கள்

இந்தக் கேள்விக்குப் பதில் ஆட்டப் புத்தகத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு தெய்வமும் தன் கிளெரிக்குக்கு வழக்கமான மந்திரங்களுக்கு மேல் சிலவற்றைச் சிறப்பாகத் தரும். நெருப்புச் சாமி என்றால் தீப்பந்து தருவார். இரோரி தருவது மூன்று: வெகுதூரம் தாவும் மந்திரம், வேகத்தைக் கூட்டும் மந்திரம், தோலைக் கல்லாக்கும் மந்திரம்.

கவனித்தீர்களா? மூன்றும் வேலை செய்வது உடம்பின் மேல். வானத்திலிருந்து இடி விழுவதில்லை, எதிரி எரிவதில்லை. தாவுவதும் நீங்கள், ஓடுவதும் நீங்கள், அடி தாங்குவதும் நீங்கள். கொஞ்ச நேரத்துக்கு உங்களையே இன்னும் கூரான நீங்களாக்கிக் காட்டுகிறார். எனக்கு இதைப் பார்த்தால் வள்ளிக் கும்மி ஆசான் நினைவுக்கு வருவார். 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற கோவைப் பக்கத்துப் பத்திரப்பன் அவர்கள், ஆண்கள் ஆடிக்கொண்டிருந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். இப்போது எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் அரங்கேற்றம் நடக்கிறது. பழகும் இடத்தில் நின்று பார்த்தால், ஆசான் முன்னால் ஆடிக் காட்டுவார். அடி தப்பினவர் பக்கத்தில் வந்து கூடவே நாலு அடி வைப்பார். அந்த நாலு அடிக்கு உங்களுக்குத் தாளம் பிடித்துவிடும். அவர் விலகியதும் ஐந்தாவது அடி உங்களுடையது.

மந்திரம் அந்த நாலு அடி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் வாசிப்பு, எங்கள் மேசையில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. "ஆட்டத்துக்கு கிளெரிக் வேணும், அதனால குடுத்தாங்க, அதுக்கு மேல யோசிக்காதீங்க" என்பது எதிர்க்கட்சியின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

செய், செய்யாதே

இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் இரண்டு பட்டியல்கள் உண்டு. அடியார் செய்ய வேண்டியவை விதி. செய்யக்கூடாதவை விலக்கு. விலக்கை மீறிக்கொண்டே இருந்தால் கிளெரிக்கின் மந்திரம் போய்விடும், பரிகாரம் செய்தால்தான் திரும்பும்.

இரோரியின் விதிகள்: பணிவாக இரு, பிறர் தம்மை முழுமையாக்கிக்கொள்ள உதவு, உடல் மனம் ஆன்மாவைத் தீட்டு, கட்டுப்பாட்டைப் பழகு. விலக்குகள்: எந்தப் பொருளுக்கும் அடிமையாகாதே, முக்கியமான வரலாற்று ஏட்டை அழிக்காதே, திரும்பத் திரும்பத் தன்னடக்கம் இழக்காதே.

பணிவு ஏன் முதலில் நிற்கிறது? கொங்கணரைக் கேளுங்கள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஊதியூர் மலையில் அவர் தவம் செய்த இடம் என்று இன்றும் காட்டுவார்கள். தலையில் எச்சமிட்ட கொக்கை முறைத்துப் பார்த்தே எரித்தவர். அடுத்து ஒரு வீட்டு வாசலில் பிச்சைக்கு நின்றார். புருசனுக்குச் சோறு போட்டுவிட்டு நிதானமாக வந்த அம்மாளையும் முறைத்தார். "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?" என்று கேட்டார் அந்த அம்மாள். தவத்தில் சேர்த்த சக்தி அத்தனையும் ஒரு கேள்வியில் சுருங்கிப்போயிற்று. தன் முயற்சியால் மேலே போகிறவனுக்குத்தான் "நானே போனேன்" என்ற நினைப்பு முளைக்கும். அருளால் வந்ததென்று நினைப்பவனுக்கு அந்த ஆபத்து குறைவு. முதல் விதியாகப் பணிவை எழுதியவருக்குக் கொங்கணர் கதை தெரிந்திருக்காது, ஆனால் அந்த நோய் தெரிந்திருக்கிறது.

போதைக்கு அடிமையாகாதே என்பதையும் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். சுகம் பாவம் என்று இரோரி சொல்லவில்லை. ஒரு டம்ளர் கள் குடித்ததற்காக யாருக்கும் மந்திரம் போகாது. குடிக்காவிட்டால் கை நடுங்கும் என்ற நிலை வந்தால், உங்கள் பாவில் ஒரு இழையை வேறொருவன் பிடித்து இழுக்கிறான் என்று பொருள். காலை டீ இல்லாமல் தலைவலி வரும் நான் கிளெரிக்காக ஆடுவதில்லை.

ஏட்டை அழிக்காதே என்பதில்தான் அந்த நூலகக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தானே நடக்க வேண்டிய பாதை என்றால், முன்னால் நடந்தவர்கள் எங்கே இடறினார்கள் என்ற குறிப்பு தங்கத்தை விட விலை கூடியது. தெய்வம் தூக்கிச் செல்லும் உலகில் வரைபடம் தேவையில்லை. நடந்து போகிறவனுக்குத்தான் வரைபடம் வேண்டும். விஜயமங்கலத்துக்காரராகச் சொல்லப்படும் கொங்குவேளிர் எழுதிய பெருங்கதைக்கு இன்று தலையும் இல்லை, வாலும் இல்லை. முதலும் முடிவும் உள்ள ஏடு கிடைக்கவே இல்லை. அந்த இழப்பு தெரிந்தவருக்கு இந்த விலக்கை விளக்கத் தேவையில்லை.

எங்கள் மேசையில் இதற்கொரு சோதனை வந்தது. பாழடைந்த மடம் ஒன்றில் இரவு தங்கல். குளிர். வெளியே ஓநாய்க் கூட்டம். என் ஆள் அலமாரியில் கிடந்த பழைய சுருள்களை எடுத்து அடுப்பு மூட்டப் போனான். இரோரியின் கிளெரிக்காக ஆடிய பெண் எழுந்து நின்றேவிட்டார். "வெச்சுருங்க. அது என்ன ஏடுன்னு படிக்காம ஒண்ணக்கூட எரிக்க விடமாட்டேன்." விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்க அவர் பகடை உருட்டினார். நாங்கள் குளிரில் உட்கார்ந்திருந்தோம். ஏழாவது சுருள் மளிகைக் கணக்கு. "இது பரவால்லைங்க, எரிச்சுக்குங்க" என்று நீட்டினார். எட்டாவதை எரிக்க விடவில்லை. அதற்குள் ஓநாய் உள்ளே வந்துவிட்டது.

ஒழுங்கு உண்டு, கட்சி இல்லை

பழைய பதிப்புகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு நெறிச்சார்பு உண்டு. ஆள் ஒழுங்கின் பக்கமா குழப்பத்தின் பக்கமா, நன்மையின் பக்கமா தீமையின் பக்கமா என்று காட்டும் முத்திரை அது. இரோரிக்கு ஒழுங்குள்ள நடுநிலை. பயிற்சிக்கு ஒழுங்கு வேண்டும், ஆனால் பயிற்சியால் கிடைத்த வலிமையை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் அவர் கட்சி கட்டுவதில்லை. 2023-இல் வந்த திருத்தப் பதிப்பில் இந்த முத்திரையையே எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நல்லதுதான். விதியும் விலக்கும் சொல்வதை விட அந்த இரண்டு சொல் முத்திரை அதிகமாக எதையும் சொல்லவில்லை.

இல்லறத்தானும் ஒருவர் உண்டு

இரோரி குடும்பத்தில் இன்னொருவரும் சாமியானார். பெயர் கிருஹஸ்தா. பெயரிலேயே தெரிகிறதே, இல்லறத்தான். அவர் ஒரு நூல் எழுதினார். குறையே இல்லாத நூல். அதன் மூலமே அவர் தெய்வமானார் என்பது கதை. துறவி தன்னைத் தீட்டிச் சாமியானார், இல்லறத்தான் ஒரு வேலையைத் தீட்டிச் சாமியானார். தனக்குரிய பாதையை அவரவர் கண்டுபிடிக்க வேண்டும், என் பாதையை அப்படியே நகலெடுக்காதே என்ற இரோரியின் போதனைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பாத்திரம் மொட்டைத் தலையோடு மலைமேல் உட்கார வேண்டிய கட்டாயமில்லை. சமையல்காரனாக இருக்கட்டும், கணக்கெழுதுகிறவளாக இருக்கட்டும். எதைத் தீட்டுகிறாள் என்று மட்டும் தாளில் எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் அம்மிச்சிக்கு ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னேன். இரோரியிடம் அவருக்குப் பெரிதாக ஒட்டவில்லை. வரம் இல்லை, திருவிழா பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆயுதமும் இல்லை. கிருஹஸ்தா வந்ததும் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அந்தப் பையன் பரவால்ல. குடும்பத்துல இருந்துக்கிட்டே சாமி ஆயிருக்கான். அவன் இவருக்கு என்ன மொறை?"

"நெவ்யூன்னு போட்டிருக்காங்க அம்மிச்சி."

"அப்படின்னா?"

"அண்ணன் மகனாவும் இருக்கலாம், அக்கா மகனாவும் இருக்கலாம்."

"அதெப்படி ரெண்டும் ஒண்ணாவும்? அண்ணன் மகன்னா பங்காளி. அக்கா மகன்னா மருமகன். சாமியே ஆனாலும் மொறை வேணுமில்ல. எதுன்னு கேட்டுச் சொல்லு."